கீரி கவ்விய சிறுவிடைக் கோழி

காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோமுங்க. முந்தாநாள் கீரி எங்கள் சிறுவிடையின் முதுகைக் கவ்விவிட்டது. உப்புத்தண்ணீரில் கழுவி மஞ்சள் பூசினேன். தண்ணீர் குடிக்கிறது, கம்பைத் தொடுவதில்லை. அப்பன் குழம்பு வைக்கச் சொல்கிறார், மகள் அழுகிறாள். என்ன செய்யட்டும்?

பதில் 1: முதலில் தனியாகப் பஞ்சாரத்தில் அடையுங்க. ரத்தத்தைப் பார்த்தால் மற்ற கோழிகளே கொத்திக் கொன்றுவிடும்.

பதில் 2: ஈ மொய்த்தால் ஒரே நாளில்கூடப் புழு வைத்துவிடும், காலை மாலை இறகை விலக்கிப் பாருங்கள். வேப்பெண்ணெய் காயத்தைச் சுற்றி மட்டும். கீரிப்பல் ஆழமாக இறங்கும். மஞ்சளை நம்பி உட்காராமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. ஊசி போட்டால், அவர் சொல்லும்வரை அதன் முட்டையைச் சாப்பிட வேண்டாம்.

கேட்டவர்: இறக்கைக்கு அடியில் இரண்டு பல்குழி இருந்ததுங்க! ஊசி போட்டாயிற்று. இன்று ஊறவைத்த கம்பில் நாலு கொத்து. அப்புறம், பஞ்சாரத்தை நிழலுக்கு நகர்த்தி வைத்தது அப்பன்தான்.