செலக்‌ஷன் பயாஸ்: ‘தெரிவுக் கோணல்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பத்து நாளாக இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்றிரவு மறுபடி உட்கார்ந்து படித்தேன். செலக்‌ஷன் பயாஸ் என்ற ஆராய்ச்சிச் சொல்லுக்குத் தமிழாக நான் முன்வைத்த ‘தெரிவுக் கோட்டம்’ நிற்காது என்று இப்போது எனக்கே படுகிறது. அதை விட்டுவிட்டு ‘தெரிவுக் கோணல்’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. மாணவர் இதழ் ஒன்றுக்காக ஆராய்ச்சி முறைகளைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலாவது விண்மீன் திரள்களைக் கணக்கெடுப்பது, அடுத்தது உடற்பயிற்சி, கடைசி இதய நலம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத துறைகள்தான். ஆனால் மூன்றிலும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றேன். அந்த இடம்தான் செலக்‌ஷன் பயாஸ்.

சொல்லைத் தேடும் முன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். சந்தையில் தக்காளிக் கூடை இருக்கிறது. மேலடுக்கில் எல்லாம் சிவந்து, பளபளவென்று இருக்கின்றன. பத்துப் பழத்தை எடுத்து அழுத்திப் பார்க்கிறோம், பத்தும் நல்ல பழம். தராசு சரி, படிக்கல் சரி, நம் விரலும் பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால் பாதி அழுகல். கோளாறு பார்த்த விதத்தில் இல்லை; எந்தப் பத்து நம் கைக்கு வந்தது என்பதில் இருக்கிறது. அதே மேலடுக்கிலிருந்து இன்னும் நூறு பழம் எடுத்துப் பார்த்தாலும் அது தீராது. நமக்கு வேண்டிய சொல் இந்த இரண்டையும் சொல்லவேண்டும்: கோளாறு அளப்பதற்கு முன்பே நுழைந்துவிட்டது, எண்ணிக்கையைக் கூட்டினாலும் போகாது.

வானியலில் இது எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட பொலிவு வரை தெரியும் திரள்களை எல்லாம் பட்டியல் போடுகிறோம். தொலைநோக்கியால் வானத்தைப் படமெடுத்துப் பட்டியலிடும் ஸ்லோன் கணக்கெடுப்பு தன் முதன்மைத் திரள் பட்டியலுக்கு 17.77 என்ற தோற்றப் பொலிவெண்ணை எல்லையாக வைத்தது (எண் கூடக்கூட மங்கல்). அருகில் உள்ள சிறு திரள்கூட அந்த எல்லைக்குள் வந்துவிடும். தொலைவு இரட்டித்தால் வந்துசேரும் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும் என்பதால், வெகு தொலைவில் இருப்பவற்றில் தாமே பேரொளி உடையவை மட்டும் பட்டியலில் ஏறும். பட்டியலை அப்படியே நம்பிச் சராசரி எடுத்தால், தொலைவு போகப்போகத் திரள்கள் ஒளி மிகுந்தவை என்று விடை வரும். சுவீடனைச் சேர்ந்த குன்னர் மால்ம்குவிஸ்ட் 1920களிலேயே விண்மீன்களை வைத்து இதைக் கணக்கிட்டுக் காட்டினார். அதனால் இன்றும் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது.

இதைவிட என்னை உலுக்கிய கதை வேறு ஒன்று. சுருள் திரள்களின் வட்டுகள் பெரும்பாலும் மையத்தில் ஏறக்குறைய ஒரே பரப்புப் பொலிவோடு இருக்கின்றன என்று 1970இல் வானியலாளர் கென் ஃபிரீமன் எழுதினார். இயற்கை விதி போலவே தோன்றியது. 1976இல் மைக் டிஸ்னி என்ற இன்னொரு வானியலாளர் ஒரு கேள்வி கேட்டார். அதைவிட மங்கலான வட்டு இரவு வானத்தின் வெளிச்சத்தில் கரைந்துபோகும். அதைவிடச் செறிவானது சிறுத்து, ஒரு விண்மீனைப் போலவே தெரியும். இடையில் இருப்பவை மட்டும்தான் நமக்குத் திரளாகத் தெரிகின்றன என்றால், அந்த ஒற்றுமை வானத்தில் இருக்கிறதா, நம் கண்ணில் இருக்கிறதா? பத்து ஆண்டு கழித்து, 1986இல், மாலின் 1 என்ற திரள் அகப்பட்டது. அதன் வட்டு நம் பால்வழியைவிடப் பல மடங்கு அகலம். ஆனால் இரவு வானத்தின் பின்னணி வெளிச்சத்தைவிடவும் மங்கல். அவ்வளவு பெரிய ஒன்று அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லை! இந்தப் பத்தியை எழுதிய அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் உடற்பயிற்சி. இந்தத் துறையில் லண்டன் பேருந்து ஆய்வைத் தொடாமல் யாரும் எழுத முடியாது. மாடிப் பேருந்தில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், நடத்துநர் படியேறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஜெர்ரி மோரிஸும் அவருடன் இருந்தவர்களும் 1953இல் காட்டினார்கள். உடலுழைப்பு இதயத்தைக் காக்கும் என்பதற்கு அது பெரிய சான்று. ஆனால் மோரிஸ் அதோடு நிறுத்தவில்லை. சீருடை தைத்த அளவுக் குறிப்புகளைத் தேடி எடுத்து, கால்சட்டை இடுப்பளவை ஒப்பிட்டார். இளம் வயதினரிடையேகூட ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது. அப்படியானால் வண்டி ஓட்டியதால் மட்டும் வந்த வேறுபாடா, அல்லது எப்படிப்பட்டவர் எந்த வேலைக்கு வந்தார் என்பதிலும் பங்கு இருக்கிறதா? தம் முடிவைத் தாமே இப்படி உரசிப் பார்த்து, அந்த அளவுகளை 1956இல் வெளியிட்டார். அதற்குப் பின்னும் அவர் விடவில்லை. ஒரே மாதிரி மேசை வேலை செய்யும் அரசு ஊழியர்களிடம் போய், ஓய்வு நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். அங்கும் உடற்பயிற்சியின் பயன் தெரிந்தது. அந்தக் கால்சட்டை அளவை மாணவர்களுக்குச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

இதய நலத்தில் ஓர் எடுத்துக்காட்டு போதும். மாதவிடாய் நின்ற பின் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று பல கண்காணிப்பு ஆய்வுகள் சொல்லிவந்தன. பிறகு அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் ஹார்மோன் கூட்டு மாத்திரை கொடுத்தார்கள். 2002இல் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. இதய நோய் குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. முந்தைய ஆய்வுகள் தவறியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது, தாமாகவே அந்த மாத்திரையை நாடியவர்கள் பெரும்பாலும் வசதி உள்ளவர்கள், உடல்நலத்தில் முன்பே அக்கறை காட்டியவர்கள் என்பது. மறுபடியும் மேலடுக்குத் தக்காளிதான்.

சரி, இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

> தேர்வுச் சார்பு என்றே வைத்துவிடலாம். இரண்டும் பழகிய சொற்கள்.

பழகியதுதான் ஐயா சிக்கல். ‘சார்பு’ என்றால் பத்தாம் வகுப்புக் கணக்கின் முதல் பாடமே அதுதான். ஃபங்ஷனுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம். ‘சார்பியல்’ ஐன்ஸ்டைனிடம் போய்விட்டது. ‘தேர்வு’ என்றால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பரீட்சைதான். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. போன வாரம் எங்கள் ஊர்ப் பள்ளி பி.டி. சாரிடம் இரண்டாவது கட்டுரையின் வரைவைக் கொடுத்தேன். மைதான ஓரத்தில், கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நின்றபடியே படித்தார். ‘தேர்வுச் சார்பு’ வந்ததும் நிமிர்ந்து, “இது அரையாண்டா, முழு ஆண்டா?” என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

> எல்லாருக்கும் தெரிந்த பாரபட்சம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

பாரபட்சம் ஒருவர் மனத்தில் இருப்பது. மூத்தவனுக்கு ஒரு கண், இளையவனுக்கு ஒரு கண் என்று வைப்பது. ஸ்லோன் தொலைநோக்கி எந்தத் திரளுக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. மோரிஸும் யார் பக்கமும் நிற்கவில்லை. யாரும் தப்பே செய்யாமல் விடை ஒரு பக்கமாகப் போவதைத்தான் நாம் சொல்லவேண்டியிருக்கிறது. ‘பக்கச்சார்பு’ என்று எழுதிய இலங்கைத் தோழிக்கும் என் தயக்கம் இதுவே. ‘தேர்வுப் பிழை’ என்றால், எண்ணிக்கை கூடினால் குறையும் பிழையோடு குழம்பிவிடும். ஒருவர் பரிந்துரைத்த ‘வலைக்கண் விளைவு’ எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு அங்குல வலைக்கண் கொண்டு மீன் பிடித்துவிட்டு, கடலில் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த மீனே இல்லை என்று சொல்பவனை வானியலாளர் எடிங்டன் உவமையாக்கியது நினைவுக்கு வந்தது. வானியலுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் மாத்திரையைத் தாமே நாடிவந்த பெண்களை எந்த வலையும் பிடிக்கவில்லையே. விளக்க உவமையாக வைத்துக்கொள்வோம், சொல்லாக வேண்டாம்.

‘தெரிவு’ பற்றிப் பெரிய மறுப்பு வரவில்லை. இலங்கையில் அது அன்றாடச் சொல். நம் பக்கமும் ‘தெரிவுக்குழு’ என்கிறோம். ‘தெரிந்து வினையாடல்’ என்று அதிகாரத்துக்கே பெயர் வைத்த மொழியில் அதை மீட்பது கடினமில்லை.

மீதி இருப்பது ‘கோட்டம்’. நான் அதைக் குறளிலிருந்து எடுத்தேன். 118இல் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்று தராசைக் காட்டி ‘ஒருபால் கோடாமை’ என்கிறார். அடுத்த குறளிலேயே ‘சொற்கோட்டம்’, ‘உட்கோட்டம்’. இவ்வளவு அழகாக அமைந்த சொல்லை விட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டு மடல்கள் என்னை அசைத்தன.

> கோட்டம் என்றதும் மின்வாரியக் கோட்டம்தான் நினைவுக்கு வருகிறது. தெரிவுக் கோட்டம் ஏதோ அலுவலகப் பிரிவு போல ஒலிக்கிறது.

> என் புள்ளியியல் வகுப்பில் ஸ்கியூனஸ் என்பதற்குக் கோட்டம் என்றே பல ஆண்டாகச் சொல்லித்தருகிறேன்.

முதலாவதைப் பழக்கத்தில் தாண்டிவிடலாம். இரண்டாவதைத் தாண்ட முடியாது. பரவலின் வால் ஒரு பக்கம் நீள்வது வேறு, மாதிரி ஒரு பக்கமாகப் பொறுக்கப்பட்டிருப்பது வேறு. இரண்டும் ஒரே பக்கத்தில் அருகருகே வரும்; ஒரே சொல் இரண்டையும் தாங்காது. ‘கோடல்’ என்று திருத்தினாலும், நன்னூல் படித்தவர்களுக்கு அது பாடம் கேட்டுக் கொள்ளுதல் ஆகிவிடும்.

ஆகவே ‘கோணல்’. இது எந்தத் துறையும் கைவைக்காத சொல். தையல்காரரிலிருந்து கொத்தனார் வரை எல்லாரும் சொல்வது. சுவர் கோணலாக எழும்பினால் செங்கல்லில் குறை இல்லை, அடிக்கயிறு கட்டியதில் குறை. நமக்கு வேண்டிய பொருளும் அதுவே.

> கோணல் பேச்சுவழக்கு. ஆய்வுக் கட்டுரையில் நிற்குமா?

நிற்கும் என்றே நம்புகிறேன். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்ற பழமொழியில் அது எத்தனை காலமாக நிற்கிறது! கொச்சை இல்லை, எளிமை. வினையும் கிடைக்கிறது: ‘கோணிய மாதிரி’, ‘கோணாத மாதிரி’. ‘முகம் கோணாமல்’ என்று தினமும் சொல்கிற வாய்க்கு ‘கோணாத மாதிரி’ கடினமாகாது.

இதையும் அதே பி.டி. சாரிடமே சோதித்தேன். சொல்லை விளக்கவில்லை, ‘தெரிவுக் கோணல்’ என்று மாற்றிய பக்கத்தை மட்டும் கொடுத்தேன். படித்துவிட்டுத் தம் பதிவேட்டை எடுத்து வந்தார். நீல அட்டை போட்ட நீள நோட்டு. பெயருக்கு எதிரே ஓட்ட நேரம். பல கட்டங்களில் வெறும் கோடு. “மூச்சு வாங்குறவன், கால் வலிக்குறவள் எல்லாம் அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஓடி முடித்தவர்களை வைத்துத்தான் நான் சராசரி போடுகிறேன். அப்போ என் கணக்கும் கோணல்தானே சார்?” என்றார். அதன்பின் அந்தப் பக்கத்தின் அடியில், உட்கார்ந்திருந்தவர்களின் எண்ணிக்கையையும் பென்சிலால் எழுதிவைத்தார். அவர் வாயில் சொல் தானாகப் புரண்டதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

இதை ஏற்றால் குடும்பச் சொற்களும் எளிதாகும். கருவியால் வருவது அளவைக் கோணல். நோயாளி பழையதை நினைவுகூர்வதால் வருவது நினைவுக் கோணல். வானியலில் மால்ம்குவிஸ்ட் கோணல். தப்பி எஞ்சியவற்றை மட்டும் பார்ப்பதால் வரும் சர்வைவர்ஷிப் பயாஸுக்குப் ‘பிழைத்தோர் கோணல்’ என்று எழுதிப் பார்த்தேன். பிழை செய்தவர்கள் என்று படிக்க இடம் இருப்பதால் ‘எஞ்சியோர் கோணல்’ என்று மாற்றியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் அமையவில்லை. ஹார்மோன் மாத்திரைக் கதையில் வந்த, தாமே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள் ஒரு மருந்தை நாடுவதால் வரும் கோணல். ஆங்கிலத்தில் ஹெல்தி யூசர் என்கிறார்கள். ‘நலமுடையார் கோணல்’ என்றால் நோயில்லாதவர் என்ற பொருள் மட்டும்தான் வருகிறது, அக்கறை வரவில்லை. ‘அக்கறையாளர் கோணல்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். மருத்துவமனையில் வேலை செய்யும் நண்பர்கள், நோயாளிகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலை கட்டுரையை அனுப்பவேண்டும்.

அன்புடன்.