வேர்ட்பிரஸை விட்டு ஸ்டாட்டிக் தளத்துக்கு மாறியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். எங்கள் கட்டற்ற மென்பொருளின் தளம் வெகுகாலம் வேர்ட்பிரஸில் ஓடியது. பிளகின் அப்டேட், பிஹெச்பி அப்டேட், ஸ்பேம் கமென்ட் என்று, நிரல் எழுத வேண்டியவர்கள் தளத்துக்குக் காவல் இருந்தோம். போதும் என்று ஹியூகோவுக்கு மாறினோம்; மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் எழுதிய கோப்புகளை முன்கூட்டியே ஹெச்டிஎம்எல் பக்கங்களாக்கித் தரும் கருவி அது. பதிவுகளை எக்ஸ்எம்எல்லாக எடுத்து மார்க்டவுனாக்க ஸ்கிரிப்ட்கள் ஏற்கனவே இருக்கின்றன, அது பெரிய வேலையில்லை. பாடாய்ப் படுத்தியது பழைய முகவரிகள்தான்.

தளத்தை ஆட்கள் மட்டும் படிப்பதில்லை. எங்கள் நிறுவல் ஸ்கிரிப்ட்டை கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியால் இறக்கி, கட்டளைகளை இயக்கும் ஷெல்லுக்குள் நேரே விடும் வரி, யார் யாரோ எழுதிய பயிற்சிக் குறிப்புகளிலும் டாக்கர்ஃபைல்களிலும் கிடக்கிறது. மறுசீரமைப்பில் அந்த முகவரி மாறியது. பழையதை நிறுவல் பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஏலியாஸாகக் கொடுத்திருந்தோம். ஹியூகோ என்ன செய்யும் என்றால், பழைய இடத்தில் மெட்டா ரெஃப்ரெஷ் உள்ள சின்ன ஹெச்டிஎம்எல் பக்கம் ஒன்றை வைத்துவிடும். பிரவுசர் அதைப் பார்த்துப் புது இடத்துக்குத் தாவிவிடும். கர்ல் தாவாது, 301 என்ற சர்வர் ரீடைரக்டைப் பின்தொடரச் சொல்லியிருந்தாலும் மெட்டா ரெஃப்ரெஷை அது கண்டுகொள்வதில்லை. அந்த ஹெச்டிஎம்எல்லையே ஷெல்லிடம் ஊட்டிவிடும், ஷெல் முதல் வரியிலேயே ஸின்டாக்ஸ் எரர் என்று நிற்கும். ஒரு பயனர் அந்தத் திரையை அப்படியே ஒட்டி, "உங்கள் சர்வரை யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?" என்று பக் ரிப்போர்ட் போட்டார். இப்போது ஸ்கிரிப்ட் ஸ்டாட்டிக் ஃபோல்டரில், பழைய பாதையிலேயே இருக்கிறது. அங்கே போட்டதை ஹியூகோ கைவைக்காமல் நகலெடுத்துவிடும்.

இன்னொன்று, வேர்ட்பிரஸின் குட்டி இணைப்புகள். கேள்விக்குறி போட்டுப் பதிவின் எண்ணைச் சொல்பவை. ஸ்டாட்டிக் சர்வருக்குக் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது கணக்கிலேயே இல்லை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் முகப்புப் பக்கம் 200 (எல்லாம் சரி) என்று சமத்தாக வந்து நிற்கும். 404 (பக்கம் இல்லை) வராததால் எந்த லிங்க் செக்கரும் பிடிக்காது. பழைய டேட்டாபேஸிலிருந்து எண்களை எடுத்து என்ஜின்எக்ஸ் சர்வரில் எந்த எண்ணுக்கு எந்த முகவரி என்று மேப் எழுதித்தான் தீர்ந்தது. டேட்டாபேஸை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

—

டெபியன் லினக்ஸுக்குப் பேக்கேஜ் செய்கிறவனின் பார்வையிலிருந்து ஒரு வார்த்தை. புது வெளியீடு வந்ததா என்று பார்க்க எங்களுக்கு யூஸ்கேன் என்ற கருவி இருக்கிறது. பேக்கேஜில் உள்ள வாட்ச் ஃபைல் சொல்லும் பக்கத்தைத் திறந்து, ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்குப் பொருந்தும் இணைப்புகளைத் தேடும். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு திட்டம் ஸ்டாட்டிக் தளத்துக்கு மாறியபோது டவுன்லோட் பக்கத்தையும் அழகுபடுத்தினார்கள். ஒரே பெரிய பட்டன், உங்கள் இயங்குதளம் எது என்று ஜாவாஸ்கிரிப்ட் கண்டுபிடித்து இணைப்பைப் பொருத்தும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. யூஸ்கேன் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டாதே! பட்டனை வைத்துக்கொள்ளுங்கள், கீழே டார்பால்களுக்கு (மூலநிரல் பொதிகள்) சாதாரண இணைப்புகளையும் போட்டுவையுங்கள் என்று கேட்டேன், மறுநாளே செய்துகொடுத்தார்கள்.

—

ஆவணங்களைக் கவனிப்பவள் நான். முகவரி போலவே நங்கூர இணைப்பும் உடையும், ஹேஷ் குறிக்குப் பின்னால் வருகிறதே அது. அந்தப் பகுதியை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே கிடையாது, அதனால் சர்வரில் என்ன ரீடைரக்ட் எழுதினாலும் பிரயோஜனமில்லை. தலைப்பிலிருந்து ஐடி உருவாக்கும் விதம் ஜெனரேட்டருக்கு ஜெனரேட்டர் மாறும். வெளியிலிருந்து அதிகம் இணைக்கப்பட்ட தலைப்புகளுக்குப் பழைய ஐடியைக் கையாலேயே எழுதிவிட்டோம். சலிப்பான வேலைதான், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

ஹியூகோ 0.60-லிருந்து கோல்ட்மார்க் என்ற மார்க்டவுன் மாற்றி வந்ததல்லவா, அது மார்க்டவுனுக்குள் இருக்கும் ஹெச்டிஎம்எல்லை இயல்பாகவே தூக்கிவிடும். எங்கள் ஒப்பீட்டு அட்டவணைகள் எல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போயின, பில்டில் எரரும் இல்லை. பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் அந்த இடத்தில் 'ரா ஹெச்டிஎம்எல் ஒமிட்டெட்' என்று ஒரு கமென்ட் மட்டும் கிடக்கும். அன்சேஃப் அமைப்பை ட்ரூ ஆக்கினால் திரும்பி வரும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எழுதுகிறவர்கள் உங்கள் ஆட்கள் என்றால் பாதகமில்லை.

—

ஃபீடை, அதாவது புதுப் பதிவுகளை வாசிப்பான்களுக்குத் தரும் கோப்பை, யாரும் சொல்லவில்லையே. வேர்ட்பிரஸ் ஃபீடில் ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள அடையாளம் பழைய எண் வடிவத்தில் இருக்கும், ஹியூகோ புது முகவரியையே அடையாளமாகப் போடும். வாசிப்பான்களுக்கு எல்லாமே புதுப் பதிவு. எங்கள் பழைய வெளியீட்டு அறிவிப்புகள் பல தளங்களின் ஃபீடுகளைத் திரட்டிக் காட்டும் ஒரு பிளானட் தளத்தின் முதல் பக்கம் முழுக்க வந்து உட்கார்ந்தன. ஃபீட் டெம்ப்ளேட்டில் பழைய அடையாளத்தை வாங்கிப்போட்டால் தப்பிக்கலாம்.

—

எல்லோரும் இயந்திரங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் திட்டத்தில் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் நிரலர்கள் அல்ல. கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்பது) என்றதும் ஒதுங்கிவிட்டார்கள். இதற்கு யாரிடமாவது வழி உண்டா?

—

தொடங்கியவன்தான். கிட்டின் சொந்தத் தளமே 2024-ல் ரெயில்ஸ் என்ற வலைச் சட்டகத்தை விட்டு ஹியூகோவுக்கு வந்தது, தேடலுக்கு பேஜ்ஃபைண்ட் என்ற கருவி. ஆனால் அங்கே எழுதுகிறவர்களுக்கு கிட் தெரியாமலா இருக்கும்! நாங்கள் டீகாப் சிஎம்எஸ் என்ற, பிரவுசரிலேயே எழுதும் எடிட்டரை வைத்துப் பார்த்தோம். எடிட்டர் வேர்ட்பிரஸ் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் நாங்கள் வைத்திருந்த அமைப்பில் உள்ளே நுழைய கிட்ஹப் கணக்கு வேண்டும், அங்கேயே சிலர் திரும்பிவிட்டார்கள். இப்போது அவர்கள் மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள், எங்களில் ஒருவர் அவர்கள் பெயரிலேயே கமிட் செய்கிறோம். வேர்ட்பிரஸில் இருந்ததைவிடச் செய்திகள் குறைவாகத்தான் வருகின்றன.