வட ஐரோப்பாவில் முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்குவது: அனுபவமா, ஓசியா?

ரயில்பூச்சி:
ஜூலையில் முதுகுப்பையோடு கிளம்புகிறேன். கோபன்ஹேகனில் இறங்கி, கடல் மேல் போகும் ஓரசுண்ட் பாலத்து ரயிலில் ஸ்வீடனின் மால்மோ. அப்புறம் ஸ்டாக்ஹோம், அங்கிருந்து இரவுக் கப்பலில் பின்லாந்தின் துர்க்கு, பிறகு ஹெல்சிங்கி. கடைசியாகக் கடல் தாண்டி எஸ்டோனியாவின் தாலின். ஹோட்டலே வேண்டாம் என்று இருக்கிறேன். எல்லா ஊரிலும் பயணிகளுக்கு வீட்டில் சும்மா இடம் கொடுப்பவர்களைச் சேர்த்துவைக்கும் கவுச்சர்ஃபிங், பிவெல்கம் மாதிரித் தளங்களில் ஆள் தேடி அவர்கள் வீட்டிலேயே தங்குவதாகத் திட்டம். அலுவலகத்தில் சொன்னால் ஓசியில் ஊர் சுற்றப் போகிறான் என்று சிரிக்கிறார்கள். ஹாஸ்டல் டார்மெட்ரி எந்த நாட்டில் போனாலும் ஒரே மாதிரிதான். ஒரு ஸ்வீடன்காரர் காலையில் என்ன சாப்பிடுகிறார், எதற்கு எரிச்சல்படுகிறார் என்பதெல்லாம் அவர் அடுப்படியில் உட்கார்ந்தால்தான் தெரியும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

சேதுபதி:
இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. அந்த வீட்டில் தங்க ஹோட்டல் வாடகையே கேட்டார்கள் என்றால், அப்போதும் அந்த அடுப்படியைத் தேடிப் போவீர்களா? மாட்டீர்கள். அப்படியென்றால் காசு மிச்சம்தான் முதல் காரணம், கலாச்சாரம் மேலே தூவிய கொத்தமல்லி.

இன்னொன்று, நீங்கள் நினைக்கும் அந்த உலகம் பாதி கலைந்துவிட்டது. கவுச்சர்ஃபிங் 2004-ல் தொடங்கியபோது இருந்த ஆட்கள் வேறு. 2011-ல் அது லாப நோக்குள்ள நிறுவனமானது. 2020 மே மாதம், ஊரே அடைந்து கிடந்த நேரத்தில், சந்தா கட்டினால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். வருடக்கணக்காகத் தங்கள் சோபாவைக் கொடுத்தவர்களிடமும் காசு! மனம் வெறுத்து விலகியவர்கள் நிறைய. மிச்சம் இருப்பவர்களின் கதவைத்தான் கோடையில் எல்லோரும் தட்டுகிறார்கள்.

கயல்:
சேது சார், காசு மிச்சம் ஒரு காரணம் என்பதை ஒத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? ஆனால் இந்த வழக்கம் சிக்கனத்தில் தொடங்கியது இல்லை. உலகப் போர் முடிந்து சில வருடங்களில், 1949-ல், டென்மார்க்கில்தான், பயணிகளை உறுப்பினர் வீடுகளில் தங்கவைக்கும் செர்வாஸ் அமைப்பு ஆரம்பித்தது. வேற்று நாட்டுக்காரன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன் மேல் துப்பாக்கி தூக்க யோசிப்பான் என்கிற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. இன்றும் அதில் சேர நேர்காணல் உண்டு, அறிமுகக் கடிதம் உண்டு. வழக்கமாக இரண்டு இரவு, அதற்கு மேல் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டால்தான்.

தனியாகப் பயணம் போகும் பெண் என்ற முறையில் எனக்கு அந்த நேர்காணல் பெரிய விஷயம். தளங்களில் வீட்டுக்காரரைப் பற்றிய நல்ல விமர்சனத்தை விட, பெண்கள் எழுதிய விமர்சனத்தைத் தேடிப் படிப்பேன். இருபது பெண்கள் தங்கியும் ஒருவர்கூட எதுவும் எழுதவில்லை என்றால் அந்த வீடு எனக்கு வேண்டாம். பக்கத்தில் ஒரு ஹாஸ்டல் முகவரியும் அங்கே போகும் அளவுக்குக் காசும் எப்போதும் கையில் இருக்க வேண்டும். வேறு போக்கிடம் இல்லாமல் ஒருவர் வீட்டில் தங்கக் கூடாது. தம்பி ஆண் என்பதால் இதெல்லாம் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

பெர்கன்_மழை:
நான் நோர்வேயில், பெர்கனில் இருக்கிறேன். வருகிற ஆட்களுக்கு வீட்டில் இடம் கொடுப்பதும் உண்டு, ஆகவே மற்றப் பக்கத்தைச் சொல்லலாம்.

தம்பி, நீங்கள் போகிற மாதம் பிழை. நோர்வேயில் ஜூலையின் கடைசி மூன்று கிழமையும் பொது விடுமுறை மாதிரி, பாதி நாடு ஊருக்கு வெளியே இருக்கிற கபினுக்கு, அதாவது விடுமுறைக் குடிலுக்குப் போய்விடும். ஸ்வீடனிலும் ஜூலை அப்படித்தான். பின்லாந்தில் மொத்தச் சனம் ஐம்பத்தைந்து லட்சம் சொச்சம், கோடை வீடுகள் மட்டும் ஐந்து லட்சம். ஜூன் கடைசியில் யுஹன்னுஸ் என்கிற நடுக்கோடைத் திருநாள் முடிந்த கையோடு ஹெல்சிங்கி ஆட்கள் ஏரிக்கரைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் அடுப்படியில் இருந்து கதைக்க நினைக்கிற ஆள் அடுப்படியிலேயே இருக்க மாட்டார்.

அடுத்தது, ஒரே கடிதத்தை எல்லோருக்கும் ஒட்டி அனுப்புகிற பழக்கம். தளத்தில் என் பக்கத்தில் நான் எழுதியதை வாசித்தவர் யார், வாசிக்காதவர் யார் என்று முதல் இரண்டு வரியில் விளங்கிவிடும். வாசிக்காதவருக்கு நான் பதிலே போடுவதில்லை.

சேதுபதி:
நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள்! 2022-ல் இணையமே சிரித்ததே, ஸ்வீடனில் விளையாட வந்த பிள்ளையை அறையில் உட்கார வைத்துவிட்டு வீட்டார் மட்டும் இரவுச் சாப்பாடு சாப்பிடுவார்கள் என்று. பிள்ளையின் சிநேகிதனுக்கே இலை போடாத ஊரில் முன்பின் தெரியாதவன் போய் எதை எதிர்பார்ப்பது?

பெர்கன்_மழை:
அது எல்லா வீட்டுக் கதையும் இல்லை. அப்போது ஸ்வீடன்காரர் பலர் சொன்ன விளக்கம் இதுதான்: அந்தப் பிள்ளைக்கு அதன் வீட்டில் சமைத்து வைத்திருப்பார்கள், அதைக் கெடுக்கக் கூடாது. நாம் ஊட்டினால் அவர்கள் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் ஆகிவிடும். சரி பிழை வேறு கதை. ஆனால் கூப்பிட்ட விருந்தாளி என்றால் நிலைமை வேறு. பின்லாந்தில் உங்களுக்கென்று சவுனாவை, அதாவது சூட்டில் வியர்க்க இருக்கிற நீராவி அறையை மூட்டுவார்கள். உடுப்பில்லாமல் இருப்பதுதான் அங்கே வழக்கம், துவாய் கட்டிக்கொண்டு போனாலும் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். சப்பாத்தை வாசலில் கழற்றுங்கள், சொன்ன நேரத்துக்குப் போங்கள். ஆறு மணி என்றால் ஆறு மணி. ஆறரைக்குப் போய்ச் சிரித்தால் அன்றிரவு முழுக்க வீட்டில் ஒரு இறுக்கம் இருக்கும்.

விசா_வெங்கட்:
எல்லோரும் கலாச்சாரம் பேசுகிறீர்கள், விசாவை யாரும் தொடவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோ காப்பீடு. எந்த நாட்டில் அதிக நாளோ அந்த நாட்டுக்கு விண்ணப்பம். தங்குமிடத்துக்குச் சான்று கேட்பார்கள். நேற்று இணையத்தில் அறிமுகமான ஆள் உங்களுக்கு அழைப்புக் கடிதமா கொடுப்பார்? விசாவுக்காக ஹோட்டல் போட்டு, வந்ததும் ரத்து செய்யும் வித்தையை இங்கே யாரும் சொல்லித்தர வேண்டாம். எல்லையிலும் கேட்பார்கள், கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். பண்ணையில் வேலை செய்தால் சாப்பாடும் இடமும் என்று சில தளங்கள் உண்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள். சுற்றுலா விசாவில் அது வேலைதான்.

ரயில்பூச்சி:
விசா பாயின்ட் நியாயம். முதல் ஊரிலும் கடைசி ஊரிலும் ஹாஸ்டல் போட்டு நிஜமாகவே தங்குகிறேன். நடுவில் உள்ள ஊர்களுக்கும் விண்ணப்பத்தில் காட்ட ஏதாவது வேண்டுமே, அதற்குத்தான் யோசனை ஓடுகிறது. மாதத்தையும் செப்டம்பருக்குத் தள்ளப் பார்க்கிறேன். சேது அண்ணா, நீங்கள் வேண்டாம் என்கிறீர்களே தவிர, வேறு வழி சொல்லவில்லை.

சேதுபதி:
கூடாரம். நோர்வேயில் 1957-ல் வந்த சட்டமே இருக்கிறது: வேலி போடாத, பயிர் செய்யாத நிலத்தில், வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போடலாம், ஒரே இடத்தில் இரண்டு இரவு வரை. ஸ்வீடன், பின்லாந்திலும் அந்த உரிமை உண்டு. பின்லாந்தின் வடக்கே காட்டுக்குள் அரசு பராமரிக்கும் திறந்த குடிசைகள் இருக்கின்றன, வாடகை கிடையாது, அடுப்பும் விறகும் இருக்கும். அங்கே ஒரு வழக்கம்: கடைசியாக வந்தவனுக்குத்தான் முதல் உரிமை, முன்னால் வந்து ஓய்வெடுத்தவர்கள் நகர்ந்து இடம் விட வேண்டும். எஸ்டோனியாவிலும் காட்டுத்துறை இலவசமாகக் கூடார இடங்கள் வைத்திருக்கிறது. ஒருவர் சோபாவுக்கும் கடன்படாமல் நாட்டைப் பார்க்கலாம்.

கயல்:
நாட்டைப் பார்க்கலாம், மனிதர்களை? தம்பியின் வழியில் எல்லாமே நகரம். டென்மார்க்கில் அந்த உரிமையும் கிடையாது, குறித்துவைத்த காடுகளில்தான் கூடாரம். ஸ்டாக்ஹோம் நடுவில் எங்கே முளை அடிப்பார்? நோர்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டில் நெருப்பு மூட்டவும் தடை, அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சேதுபதி:
நெருப்பு எதற்கு, சின்ன கேஸ் அடுப்பு போதும். காய்ந்த புல்லைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நகரத்தை விட்டுவிட்டு வடக்கே போகச் சொல்கிறேன். மனிதர்களைப் பார்க்க அந்தக் குடிசைகள் போதும், அங்கே யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை.

பெர்கன்_மழை:
சேது அண்ணை, செப்டம்பரில் அந்த வடக்கு லாப்லாந்துக் குடிசையில் எதிரே இருக்கிற பின்லாந்துக்காரன் இரவு முழுக்க வாயே திறக்காமல் இருக்கலாம். தம்பி வந்தது கதைக்க. பெர்கன் பக்கம் வழியை மாற்றினால் எழுதுங்கள், என் பக்கத்தை வாசித்துவிட்டு.