எல்க் வேட்டைக்குச் செப்புச் சன்னமா, ஈயச் சன்னமா?

கோண்டாவில் தம்பி
எல்லாருக்கும் வணக்கம். லீவில வந்து ஊரில நிக்கிறன். நல்லூர்த் தேர் முடிய நோர்வேக்குத் திரும்பவேணும். செப்டெம்பர் 25 எல்க் (பெரிய மான் இனம்) வேட்டை தொடங்குது. என்ர ரைபிள் 6.5×55 எண்ட அளவுத் தோட்டா போடுறது. மூண்டு வருசமாய் 10.1 கிராம் ஈயச் சன்னம்தான் போட்டனான். இந்த முறை செம்புக்கு மாறுவம் எண்டு யோசிக்கிறன். காரணம் மனிசி. இப்ப நாலு மாசம். குளிர்காலம் முழுக்க எங்கட வீட்டில எல்க் இறைச்சிதான் கறி. என்னோட வேட்டைக்கு வாற ஆக்கள் இதில ரெண்டு பட்டு நிக்கினம். அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ.

ஒன்ராறியோ அண்ணை
தம்பி, மாறாதேங்கோ. நீங்கள் எல்க் எண்டு சொல்லுறதைத்தான் இஞ்ச மூஸ் எண்டு 22 வருசமாய்ச் சுடுறன். ரைபிள் .30-06, சன்னம் 180 கிரெயின் (சன்னத்தின்ர பாரம் அளக்கிற அலகு) ஈயம். ஒரே ஒருக்கா ஆக்கள் சொல்லிச் செம்பு போட்டனான். கிட்டத்தட்ட 300 மீட்டர் தூரம். விலாவுக்கால போன சன்னம் மற்றப் பக்கத்தால வந்திட்டுது. வெளிய வந்த ஓட்டை என்ர சின்னவிரல் பருமன்தான். படேக்க பூப்போல விரியவேண்டிய சன்னம் விரியவே இல்லை. மிருகம் சதுப்புக்குள்ள இறங்கீட்டுது. ரோச் லைற்றோட இரவு பத்து மணிமட்டும் தேடினம். அடுத்த நாள் காலமைதான் கண்டனாங்கள், இறைச்சி பழுது. எனக்கு அந்த இறைச்சியைவிட அது இரவு முழுக்க உயிரோட கிடந்திருக்குமோ எண்டதுதான் இண்டைக்கும் மனசில நிக்குது. ஈயம் மெதுவானது, வேகம் குறைஞ்சாலும் விரியும். சுடுறவனுக்கு முதல் கடமை மிருகத்தை உடன விழுத்துறது.

சாவகச்சேரி ஐயா
அண்ணை சொல்லுறது சரி. எழுபதுகளில வன்னியில வயலுக்கு வாற பண்டிக்கு இடியன் துவக்கால வெடி வைச்ச ஆள் நான். ஈயத்தை உருக்கி நாங்களே குண்டு வார்த்தனாங்கள். அந்த இறைச்சியைத் திண்டு ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை. பித்தளைப் பானைக்கு ஈயம் பூசித்தானே எங்கட அம்மாமார் சமைச்சவை? (மான், மரை எண்டு ஆரும் கற்பனை பண்ணாதேங்கோ. அதுக்கு 1937ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கு. நான் சொன்னது பண்டி.)

உடுவில் டொக்டர்
ஐயா, பானைக்குப் பூசினது வெள்ளீயம். சன்னத்தில இருக்கிறது காரீயம். பேர்தான் ஒண்டு, உலோகம் வேற. வெள்ளீயம் பூசினதே பித்தளையில புளி பட்டுக் களிம்பு ஊறாமல் இருக்கத்தான். காரீயத்துக்கு இவ்வளவு மட்டும் பரவாயில்லை எண்டு ஒரு அளவு இல்லை, உலக சுகாதார நிறுவனமே அப்பிடித்தான் சொல்லுது. உடம்பில எலும்புக்குள்ள போய் இருக்கும். பிள்ளைத்தாச்சிக்கு எலும்பில இருந்து திரும்ப ரத்தத்துக்கு வந்து, நஞ்சுக்கொடியால பிள்ளைக்கும் போகும். "ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை" எண்டு நாங்கள் எப்பிடிச் சொல்லுறது? பிள்ளையின்ர மூளையில கொஞ்சம் குறைஞ்சால் வெளிய ஒரு காயமும் தெரியாது.

2009இல வந்த ஒரு அமெரிக்க ஆய்வைத் தம்பி மனிசிக்கும் சொல்லுங்கோ. ஈயத்தால சுட்ட 30 மானின்ர அரைச்ச இறைச்சி, 234 பொதி. எக்ஸ்ரே எடுத்துப் பாத்ததில 32 சதவீதத்தில உலோகத் துண்டு. துண்டு இருந்த இறைச்சியைப் பண்டிக்குக் குடுத்துப் பாக்க ரத்தத்தில ஈயம் ஏறினது. காயத்தைச் சுத்தி வெட்டி எறிஞ்சால் காணும் எண்டு நினைக்கிறவை, கண்ணுக்குத் தெரியாத துகளை என்னெண்டு வெட்டுறது?

ஒன்ராறியோ அண்ணை
டொக்டர், அரைச்ச இறைச்சி எண்டதைக் கவனியுங்கோ. நான் காயத்தில இருந்து ஒரு முழம் தள்ளித்தான் வெட்டுறனான், அந்தப் பக்கத்துத் தோளை அரைக்கிறதே இல்லை. செப்புக் கவசத்தோட ஈயத்தை ஒட்டிப் பிணைச்ச சன்னமும் இருக்கு, அது அவ்வளவாய்ச் சிதறாது.

துரொண்ட்ஹைம் அக்கா
அண்ணை, குறைவாய்ச் சிதறும், அது உண்மை. சிதறாது எண்டு இல்லை. குடல் குவியலைக் காட்டில விட்டிட்டு வாறம், அதை உள்ளுக்க கிடக்கிற ஈயத் துண்டோட கழுகு தின்னுது. கலிபோர்னியாவில 1987இல கொண்டோர் கழுகு 27தான் மிஞ்சினது. அதுகளைக் கொல்லுறதில முக்கியமானது வேட்டை ஈயம் எண்டபடியால்தான் 2019 யூலை 1இல இருந்து அங்க வேட்டைக்கு ஈயமே கூடாது. டென்மார்க்கும் 2024 ஏப்ரல் 1இல இருந்து ரைபிள் ஈயத்தை நிப்பாட்டீட்டுது.

ஆனால் தம்பி, உங்களுக்கு வேற ஒரு சிக்கல் இருக்கு, அதை ஒருத்தரும் சொல்லேல்லை. செம்பு ஈயத்தைவிடப் பாரம் குறைஞ்சது: ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஈயம் 11.3 கிராம், செம்பு 8.96. அதே பாரத்துக்குச் செப்புச் சன்னம் நீளமாய்ப் போகும். அதால கொம்பனியள் பாரத்தைக் குறைச்சுத்தான் செய்யினம். 6.5இல வழக்கமாய்க் கிடைக்கிற செம்பு 120, 130 கிரெயின். அதாவது 7.8, 8.4 கிராம். நோர்வேச் சட்டத்தில எல்குக்கு 9 கிராமுக்குக் குறைஞ்ச சன்னம் கூடாது! 9 தொடக்கம் 10 கிராம் எண்டால் 100 மீட்டரில சன்னத்தின்ர சக்தி 2700 ஜூலாவது வேணும். 10க்கு மேல எண்டால் 2200 காணும். உங்கட 10.1 கிராம் ஈயம் அந்த 2200ஐ வசதியாய்த் தாண்டினது. கடையில "6.5 செம்பு" எண்டு மட்டும் கேட்டு வாங்கினால் சட்டத்துக்கு வெளிய நிப்பியள்.

நான் .308 ரைபிளில 165 கிரெயின் செம்பு போடுறன், 10.7 கிராம். போன வருசம் எல்கின்ர தோலுக்குக் கீழ கிடந்து எடுத்த சன்னத்தின்ர படம் போட்டிருக்கிறன். தராசில 10.5 நிண்டது.

கன்னாதிட்டிப் பட்டறை
எனக்கு வேட்டை தெரியாது. மூண்டு தலைமுறையாய்ச் செம்பு அடிக்கிற குடும்பம், அதால படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தனான். நாலு இதழ் பின்னுக்கு வளைஞ்சிருக்கு, ஒண்டிலயும் நுனி முறியேல்லை. செம்பைச் சூடாக்கித் தண்ணிக்குள்ள போட்டால் இளகும், அடிக்க அடிக்க இறுகும். உந்த இதழை விரிக்கிறதுக்கு நல்ல அடி வேணும், மெதுவாய்த் தட்டினால் விரியாது. அண்ணைக்கு நடந்தது அதுதான் எண்டு நினைக்கிறன்.

துரொண்ட்ஹைம் அக்கா
அச்சொட்டாய் அதுதான். தூரம் போகப் போக வேகம் விழும். செம்பு நம்பிக்கையாய் விரிய, படேக்க விநாடிக்கு 600 மீட்டராவது இருக்கவேணும் எண்டு வைச்சுக்கொள்ளுறன். அதால நான் 150 மீட்டருக்கு மேல சுடுறதில்லை. தோளுக்குப் பின்னால விலாவில வைக்காமல் தோளோட சேர்த்து வெடி வைக்கிறன், எலும்பில பட்டால் நல்லாய் விரியும். அண்ணை, உங்கட 180ஐ அப்பிடியே 180 செம்பாய் மாத்தினீங்களோ?

ஒன்ராறியோ அண்ணை
ஓம். 180தான். குழலையும் துடைக்கேல்லை, இலக்கு மட்டும் ரெண்டு வெடியில பாத்தனான்.

பாரத்தைக் குறைச்சு வேகத்தைக் கூட்டியிருக்கலாம், ஒத்துக்கொள்ளுறன். ஆனாலும் சதுப்பில எங்களுக்கு 150 மீட்டருக்குள்ள மிருகம் வராத நாள் கனக்க. நான் ஈயத்தோடதான் நிப்பன். தம்பியின்ர வீட்டுக் கதை வேற.

துரொண்ட்ஹைம் அக்கா
தம்பி, குழல் விசயம் முக்கியம். 1989இல வந்த பார்ன்ஸ் எக்ஸ் எண்ட செப்புச் சன்னம் துவக்குக் குழலுக்க கண்டபடி செம்பு அப்பினது, பிறகு வந்ததுகளில சன்னத்தின்ர உடம்பில காடி வெட்டித்தான் குறைச்சவை. பழைய படிவுக்கு மேல புதுச் சன்னம் விட்டால் வெடியள் ஒரு இடத்தில விழாமல் சிதறும். செம்பு கழட்டுற மருந்து போட்டுத் துணி இழுங்கோ, முதல் துணி நீலமாய் வரும். நீலம் நிக்குமட்டும் இழுக்கவேணும். அதுக்குப் பிறகு 100 மீட்டரில இலக்கைப் புதுசாய்ப் பாருங்கோ.

கோண்டாவில் தம்பி
எல்லாருக்கும் நன்றி. 9 கிராம் கதை எனக்குத் தெரியாது, தப்பீட்டன். என்னோட வேட்டைக்கு வாற ஒருத்தரிட்ட .308 ஒண்டு சும்மா இருக்கு, கேட்டனான், தாறன் எண்டவர். 165 கிரெயின் செம்பு. 150க்கு மேல சுடமாட்டன். ஈய இறைச்சி பிறீசரில இன்னும் பத்துக் கிலோ கிடக்கு, அதை மனிசிக்குக் குடுக்கமாட்டன்.

ஒன்ராறியோ அண்ணை
சன்னம் தோலுக்குள்ள நிண்டால் எடுத்து நிறுத்துப் படம் போடுங்கோ தம்பி. ஊடறுத்துப் போனால் எவ்வளவு தூரம் ஓடினது எண்டு அடி எண்ணி எழுதுங்கோ. எனக்கு அதுதான் வேணும்.