ஒட்டுண்ணி கூடினால் சதுப்பு நிலம் நலமா?

பறவைப்பித்தன் கேட்டது:

எம்.எஸ்ஸி. விலங்கியல் முதல் வருஷம். செமினாருக்குக் கெவின் லாஃபர்ட்டியின் ஆய்வுகள் வந்திருக்கு. கலிஃபோர்னியாவில் ஒட்டுண்ணிகளின் சூழலியலையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர். எல்லாம் ஓரளவு புரிகிறது, ஒன்றைத் தவிர. கார்ப்பின்டீரியா உப்புச் சதுப்பில் கெட்டுப்போன ஒரு பகுதியைச் சீரமைத்தார்களாம். அடுத்த ஆறு வருஷத்தில் அங்குள்ள நத்தைகளில் தட்டைப்புழுத் தொற்று கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஆனதாம். அதை நல்ல செய்தி என்று 2004-ல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நோய் கூடினால் எப்படிங்க நல்ல செய்தி?

சும்மா_குமார்:

அப்படின்னா எங்க வீட்டுத் தொட்டித் தண்ணியிலே புழு நெளியுது, அதுக்கும் யாராவது ஒரு கட்டுரை எழுதுங்கப்பா.

மாலதி_கோலீட்டா:

தம்பி, கார்ப்பின்டீரியா எங்க வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். எச்-4 விசாவில் வந்து வேலைக்குப் போக முடியாமல் இருந்த இரண்டு வருஷம், சும்மா இருக்கப் பிடிக்காமல் நத்தை பொறுக்கவும் உடைக்கவும் தன்னார்வலராகப் போனேன். தண்ணீர் வடியும் நேரம் பார்த்து முழங்கால் சேற்றில் இறங்கணும். நீளமாகத் திருகின கறுப்பு நத்தை, ஹார்ன் ஸ்நெயில் என்பார்கள், காலடியெல்லாம் அதுதான். பையில் அள்ளி வந்து, சின்னச் சுத்தியலால் ஓட்டைத் தட்டி உடைத்து, நுனிச் சுருளில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். தொற்று இருந்தால் அந்த உறுப்பே இருக்காது. அந்த இடம் முழுக்கப் புழு. (அன்றைக்கு வீட்டில் நூடுல்ஸ் மட்டும் செய்யாதே என்று என் வீட்டுக்காரர் கெஞ்சுவார்.)

உங்க கேள்விக்குப் பதில் அந்தப் புழுவின் பயணத்தில் இருக்கு. வளர்ந்த புழு வாழ்வது பறவையின் குடலில். முட்டை எச்சத்தோடு சேற்றில் விழும். சேற்றை மேயும் நத்தை அதைத் தின்னும். நத்தையிலிருந்து கிளம்பும் புழுக்குஞ்சுகள் மீன், நண்டு, சிப்பி என்று ஏறும். அதைப் பறவை தின்றால்தான் சுற்று முடியும். இந்த ஒரே நத்தையில் இப்படி ஏறத்தாழ இருபது வகைப் புழுக்கள். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்தப் புழு அங்கே இருக்காது. ஆக, நத்தையில் புழு இருந்தால் பறவை வந்து உட்கார்ந்து எச்சமிட்டிருக்கிறது என்று அர்த்தம். நாம் பைனாகுலரோடு போகிற அன்றைக்கு நாரை பறந்து போயிருக்கலாம். நத்தை எங்கேயும் போகாது, ஒருமுறை தொற்றினால் ஆயுசுக்கும் தொற்றுதான். குமார் தம்பி, உங்க தொட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அதைக் கழுவுங்க.

பறவைப்பித்தன்:

அக்கா, ரொம்ப நன்றி! அப்போ நத்தை செத்துப்போகாதா? மீனைப் புழு 'ஆட்டுவிக்குது' என்கிறார்களே, அது உண்மையா, இல்லை யூடியூப் கதையா?

மாலதி_கோலீட்டா:

நத்தை சாகாது. அதுதான் எனக்குப் பாவமாக இருக்கும். வருஷக்கணக்கில் மேயும், ஆனால் முட்டையே இடாது, தின்பதெல்லாம் புழுவுக்கு. செமினாரில் பரிணாமம் கேட்பார்கள், அதுக்கு லாஃபர்ட்டியின் 1993 கட்டுரையை எடுங்க. தொற்று அதிகமுள்ள இடங்களில் நத்தைகள் சின்ன உருவத்திலேயே வயசுக்கு வந்துவிடுகின்றன. புழு பிடிக்கிறதுக்குள்ளே நாலு முட்டையாவது இட்டுவிட்ட நத்தைக்குத்தான் அங்கே வாரிசு.

மீன் கதை உண்மைதான். யூஹாப்லார்கிஸ் என்ற புழு கில்லிஃபிஷ் மீனுக்குள் புகுந்து, நரம்பு வழியாகப் போய், மூளையின் மேல் கூடு கட்டி உட்காரும். ஒரே மீனில் ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். லாஃபர்ட்டியும் அவரோடு ஆய்வு செய்த மாரிஸும் முதலில் தொட்டியில் வைத்து எண்ணினார்கள். தொற்றிய மீன் மேலே வருவது, வெட்டி வெட்டித் துடிப்பது, வெள்ளை வயிறு மினுங்கப் புரளுவது எல்லாம் நான்கு மடங்கு அதிகம். பிறகு தொற்றிய மீனையும் தொற்றாத மீனையும் கலந்து, பறவை இறங்கக்கூடிய திறந்த அடைப்பில் விட்டார்கள். பறவைகள் தொற்றிய மீனைத் தின்றது 10 முதல் 30 மடங்கு அதிகம். இது 1996. மூளைக்குள் என்ன ரசாயனம் மாறுகிறது என்பதைப் பின்னால் தோண்டினார்கள், செமினாருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

ஒரு ஸ்லைடு கட்டாயம் வையுங்க: 2008-ல் மூன்று கழிமுகங்களில் எடை கணக்கிட்டபோது, இந்தத் தட்டைப்புழுக்களின் மொத்த எடை அங்குள்ள பறவைகளின் எடைக்கு ஈடாக இருந்தது. கண்ணுக்கே தெரியாத ஜந்து!

சும்மா_குமார்:

அக்கா, இப்போ சீரியஸாவே கேக்கறேன். மனுஷனுக்கு வர்ற புழுவையும் இப்படித்தான் கொண்டாடுவாங்களா?

மாலதி_கோலீட்டா:

இல்லவே இல்லை. இதே ஆட்கள்தான் செனகலுக்கும் போனார்கள். செனகல் ஆற்றில் 1986-ல் டயாமா அணை வந்த பிறகு, முட்டையிடக் கழிமுகத்துக்குப் போய்வரும் ஆற்று இறால்களுக்கு வழி அடைபட்டது. இறால் தின்று குறைத்த நத்தைகள் பெருகின. அந்த நத்தையிலிருந்து மனிதருக்கு வரும் சிஸ்டோசோமியாசிஸ் என்ற புழு நோயும் பரவியது. மாத்திரை கொடுத்தாலும் மறுபடி ஆற்றில் இறங்கினால் மறுபடி தொற்றும். ஒரு கிராமத்துத் தண்ணீர்த் துறையில் இறாலைத் திரும்ப விட்டுப் பார்த்தபோது, தொற்றிய நத்தைகளும் குறைந்தன, மக்களுக்குத் திரும்பத் தொற்றுவதும் குறைந்தது. 2015-ல் கட்டுரை வந்தது.

பறவைப்பித்தன், ஸ்லைடு முடிந்ததும் இங்கே போடுங்க. நத்தைப் படம் வேண்டுமென்றால் என்னிடம் நிறைய இருக்கு, உடைத்ததும் உடைக்காததும்.