கிரீஸில் பழுதாகி நிற்கும் படகு: 18 மாதக் கெடு முடியப்போகிறது

பிரிட்டனில் பதிவான எங்கள் 11 மீட்டர் மோட்டார் யாட் கிரீஸின் லெஃப்காஸ் தீவில் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவரின் படகு அங்கே வரி கட்டாமல் 18 மாதம் இருக்கலாம். எங்களுக்கு மிச்சம் 19 நாள். ஒன்றியத்தில் இல்லாத அல்பேனியா போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும், ஆனால் கியர்பாக்ஸ் உடைந்து முன் கியர் விழவே இல்லை. உதிரிபாகம் வர 5 வாரம் ஆகுமாம்.

பட்டறைக் கடிதத்தோடு சுங்கத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. இழுத்துச் செல்லக் காப்பீடு சம்மதிக்கவில்லை. விசாரித்த ஏஜென்ட் ஆள் ஐரோப்பாவில் தங்குவதற்கான ஷெங்கன் 90 நாள் வரம்பைப் பற்றியே பேசுகிறார். அது வேறு கணக்கு; என் கவலையெல்லாம் படகுதான். கெடு தாண்டினால் படகின் முழு மதிப்புக்கும் வாட் (மதிப்புக்கூட்டு வரி) கேட்பார்கள்.

பழுதைக் காட்டி இந்த 18 மாதத்தை நீட்டித்தவர்கள், எந்த ஆவணங்களைக் கொடுத்தீர்கள்?