கல்யாண மண்டபத்தில் வழுக்கி விழுந்தேன்

கடந்த தை மாதம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். இரண்டாம் பந்தி முடிந்து கை கழுவப் போனேன். தொட்டியைச் சுற்றிலும் பளபளப்பான டைல்ஸ், அதன்மேல் தண்ணீரும் பாயசமும். தரையில் கால்மிதி எதுவும் விரித்திருக்கவில்லை. கால் வழுக்கியதும் இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு கோணிப்போய் நின்றது.

உறவுக்காரப் பாட்டி எண்ணெய் தடவி நீவிவிட வந்தார். அண்ணி தொடவிடவில்லை. முதல் வேலையாகச் சோப்பு நுரை தடவி என் மோதிரத்தையும் வளையல்களையும் கழற்றினார். கால் மணி நேரத்தில் விரல்கள் வீங்கிவிட்டன. அப்புறம் என்றால் மோதிரத்தை வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும். தரையைத் துடைப்பதற்கு முன்பே தன் மகனைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னதும் அவர்தான். மண்டப மேலாளர் வந்து, "பார்த்து நடக்கக் கூடாதா அம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அரசு மருத்துவமனையில், எங்கே, எப்போது, எப்படி விழுந்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். கல்யாண வீட்டுக்குச் சங்கடம் வேண்டாமென்று, "வீட்டில் வழுக்கிவிட்டது" என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் குறுக்கிட்டு நடந்ததைச் சொல்ல வைத்தார். விபத்துப் பதிவேட்டில் ஏறிய அந்த இரண்டு வரிதான் பின்னால் எனக்குக் கை கொடுத்தது. நம் பெண்கள் பலர் இந்த இடத்தில்தான் பொய் சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

எலும்பு முறிவு, 6 வாரம் மாவுக்கட்டு. மறுநாளே மண்டபத்துக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினோம்: தேதி, நேரம், இடம், தரையின் நிலை, அன்றைய கேமராப் பதிவை அழிக்கக் கூடாது என்ற கோரிக்கை. பதில் இல்லை. வாடகை கட்டியவர் சித்தப்பா, விருந்தாளியான எனக்கு என்ன உரிமை என்றுதான் நானும் நினைத்தேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, பணம் கட்டியவரின் ஒப்புதலோடு சேவையைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று வழக்கறிஞர் விளக்கினார். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். வாடகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. சித்தப்பாவின் ரசீதை இணைத்து நோட்டீஸ் அனுப்பியதும் பேச வந்தார்கள்.

கொண்டுவந்த தாளில், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி. கட்டுப் பிரித்து, பிசியோதெரபி முடியும் வரை கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் மருத்துவச் செலவு முழுவதையும் கொடுத்தார்கள். தையல் வேலை இரண்டு மாதம் நின்றுபோனதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

*

அக்கா, எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. மழை நாளில் ஒரு பலசரக்குக் கடை வாசலில் விழுந்து முழங்கால் சில்லு விரிசல் விட்டது. நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அன்பாகத்தான் பேசினார்கள். நடுவில் ஒரு தாளை நீட்ட, வலியில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். "என் கவனக்குறைவால் விழுந்தேன்" என்று அதில் எழுதியிருந்ததாம். நான் வாங்கிய பொருளின் பில்லையும் தொலைத்துவிட்டேன். அன்று நான் அந்தக் கடைக்குப் போனதற்கே என்னிடம் சான்று இல்லை.

*

சகோதரி, உங்கள் அண்ணிக்கு என் வணக்கம். என் அப்பா அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் விழுந்தபோது, நான்கு பேர் தூக்கி நிறுத்தி நடக்கவைக்கப் பார்த்தார்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. அது இடுப்பெலும்பு முறிவின் அடையாளம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேல்வீட்டில் குடியிருக்கும் செவிலியர் ஓடிவந்து, அசைக்காமல் படுக்கவைத்து, 108-ஐ அழைத்தார். சங்கத்தோடு இழப்பீட்டுப் பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. படிக்கட்டு விளக்கு எரியவில்லை என்று விபத்துக்கு முன்பே நான் கொடுத்த புகார் கடிதத்தின் நகல், செயலாளர் கையெழுத்தோடு என்னிடம் இருக்கிறது.